துண்டுக்குள் போன கைகள்

என் மருமகன் ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறார். நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு சாப்பிட வந்தால் ஏதாவது ஒரு சட்டத்தைப் பற்றிக் கேட்காமல் இலையை விட்டு எழுந்திருக்க மாட்டார். போன வாரம் கேட்டது இது: "மாமா, சங்கத்துல சேர விருப்பம் இல்லாதவன் சம்பளத்துலயும் சந்தா பிடிச்சா அது நியாயமா? அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல சட்டம் போட்டே நிறுத்திட்டாங்க. நிறுத்தின இடத்துக்குத்தான் முதலீடு போகுதுன்னு சொல்றாங்க."

நான் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். நியாயம் இல்லை என்று ஒரு வாய்க்கும், நியாயம்தான் என்று அடுத்த வாய்க்கும் பதில் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, "எழுதித் தரேன் மாப்பிள்ளை" என்றேன். வாயால் சொன்னால் நடுநடுவே கேள்வி கேட்பார்.

திருவொற்றியூரில் எண்ணெய்க்கும் ரசாயனத்துக்கும் இரும்பு டிரம் செய்து தந்த கம்பெனி எங்களுடையது. தண்டையார்பேட்டையில் இருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவேன். சேர்ந்த புதிதில் கூட்டிப் பெருக்கினேன், தகடு சுமந்தேன், பெயின்ட் அடித்தேன். அதையெல்லாம் சொன்னால் இந்தக் காகிதம் போதாது. பிறகு பிரஸ் ஷாப்புக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் நின்றேன்.

டிரம்முக்கு மேல்மூடியும் அடிமூடியும் அந்த ஷாப்பில்தான் வெட்டி எடுப்போம். ஒரு பிரஸ்ஸுக்கு இரண்டு பேர். முன்னால் நிற்பவன் தகட்டை உள்ளே தள்ளிவிட்டுக் காலால் பெடலை மிதிப்பான். மேலே இருக்கும் டை, அதாவது வெட்டும் அச்சு, இறங்கி மூடியை வெட்டும். பின்னால் நிற்பவன் வெட்டிய மூடியை இழுத்துவிட்டு, ஒட்டிக்கொண்டிருக்கும் கழிவுத் தகட்டைக் கையால் வழித்து எடுக்க வேண்டும். வழிக்கும்போது அவன் கை டைக்கு நேர் கீழே இருக்கும். முன்னால் இருப்பவன் கண்ணுக்கு அந்தக் கை தெரியாது. நடுவில் இருப்பது இரும்பு.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பின்னால் இருப்பவன் கையை வெளியே எடுத்ததும் "ஆச்சு" என்பான். முன்னால் இருப்பவன் "வுட்டேன்" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் மிதிப்பான். இரண்டு சொல்லும் வராமல் பெடலில் கால் படாது. தொண்டை கட்டிக்கொண்டு வந்தவனை அன்றைக்கு பிரஸ்ஸில் நிற்க விடமாட்டோம், வேறு வேலைக்கு அனுப்பிவிடுவோம். எந்த மேனேஜரும் இதை எழுதிப் போடவில்லை. கொண்டுவந்தது சங்கம். சங்கம் என்றால் அதன் தலைவர் ஏகாம்பரம் அண்ணன்.

அண்ணன் குப்பத்துக்காரர், அப்பா கடலுக்குப் போனவர். கரையில் படகு தள்ளும்போது ஒருத்தர் குரல் கொடுக்காமல் மற்றவர்கள் தோள் வைப்பதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவர். பிரஸ்ஸில் வலது கை விரல்கள் இரண்டு போன பிறகு அந்தக் குரலைத்தான் ஷாப்புக்குள் கொண்டுவந்தார். கம்பெனி அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றியது. அவர் பழக்கிய சொற்கள் எங்களோடு இருந்தன.

அவர் எப்போதும் நின்றுகொண்டுதான் பேசுவார். சத்தம் போட மாட்டார். வலது கை எந்நேரமும் தோள்துண்டுக்குள் இருக்கும். ஒப்பந்தத்தை வாசிக்கச் சொன்னால் இடது கை விரலை வரிமேல் வைத்து, ஒரு சொல்லைக்கூட விடாமல் வாசிப்பார். "நான்" என்ற பேச்சே கிடையாது. எல்லாம் "சங்கம் நெனைக்குது", "சங்கம் கேக்குது"தான். பசி எடுத்தால்கூட சங்கத்துக்குப் பசிக்குது என்பார் என்று முதுகுக்குப் பின்னால் கிண்டல் செய்வோம். நேரில் செய்ய ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது.

சந்தா முதலில் கேட்டில்தான் வாங்கினோம். சம்பள நாளில் இரண்டு பேர் ஒரு துண்டை விரித்துப் பிடிப்பார்கள். அதன்மேல் இன்னொரு துண்டு மூடியிருக்கும். வருகிறவன் நடுவில் கையை விட்டுவிட்டுப் பேர் சொல்வான். பிரஸ் ஷாப் பிரதிநிதியாக நான் ரசீது எழுதித் தருவேன். ரசீதில் தொகை இருக்காது. உள்ளே காசு போட்டானா, வெறுங்கையை விட்டு எடுத்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத மாசத்தில் வெறுங்கையோடு வந்தவனும் ரசீது வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். கை உள்ளே போனால் ஆள் நம் ஆள் என்பது அண்ணன் போட்ட விதி.

பிறகு ஒரு ஒப்பந்தத்தில், சந்தாவைச் சம்பளத்திலேயே பிடித்துச் சங்கத்துக்குக் கட்ட நிர்வாகம் ஒப்புக்கொண்டது. பர்மனென்ட் ஆகிற நாளில் நீட்டும் காகிதங்களோடு சம்மதக் கடிதமும் இருக்கும். அதில் கையெழுத்துப் போடாதவனை நான் பார்த்ததில்லை. போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டவனையும் பார்த்ததில்லை. மாப்பிள்ளை, நீங்கள் கேட்ட கட்டாயம் இதுதான். அது சட்டத்தில் இல்லை, நடைமுறையில் இருந்தது. மாசத்துக்கு ஒரு சினிமா டிக்கெட் காசு, யாருக்கும் வலிக்கவில்லை. எங்களுக்கும் வசதியாகப் போயிற்று. துண்டை மடித்து அலமாரியில் வைத்தோம். சம்பள நாளில் தொழிலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையும் சங்கத்துக்கு இல்லாமல் போனது.

தொண்ணூறுகளின் கடைசியில் கம்பெனி புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டு, கான்ட்ராக்டில் ஆட்களை இறக்கியது. அவர்களுக்கு இன்றைக்கு பெயின்ட், நாளைக்கு பிரஸ், மறுநாள் லாரிக்கு லோடு ஏற்றுவது. யாரோடு நிற்கப் போகிறோம் என்பதே காலையில்தான் தெரியும். சங்கத்திலும் அவர்களுக்கு இடமில்லை. விதிப்புத்தகத்தில் நிரந்தரத் தொழிலாளி என்றுதான் இருந்தது.

என் பிரஸ்ஸில் பின்னால் நின்றவன் தனபால். வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்காரன். வீட்டில் புத்தர் சிலைக்கு முன்னால் விளக்கேற்றாமல் வேலைக்குக் கிளம்ப மாட்டான். பேச்சு குறைவு. ஆனால் பல வருஷமாக அவன் "ஆச்சு" சொல்லி நான் "வுட்டேன்" சொன்னதைக் கூட்டிப் பார்த்தால், என் மனைவியோடு நான் பேசியதைவிட அதிகம் வரும். அவன் தம்பி மோகன் கான்ட்ராக்டில் வந்து சேர்ந்தான். சில மாதத்தில் ஒரு ஷிப்டில் அவனையும் இன்னொரு புது ஆளையும் பிரஸ்ஸில் நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டு சொல்லும் இருவருக்கும் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை. மோகனுக்கு இடது கையில் மூன்று விரல் போயிற்று.

தனபால் சங்க அலுவலகத்துக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன்.

"அண்ணே, கான்ட்ராக்டரு கைல கொஞ்சம் துட்டு குத்துட்டு, இனிமே வராதன்ட்டான். சங்கம் வந்து ஒரு வார்த்த கேக்கணும்."

அண்ணன் விதிப்புத்தகத்தை எடுத்தார். விரல் வைத்து வாசித்தார். மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "தனபாலு, சங்கத்துக்கு வருத்தம் கீது. ஆனா அவன் மெம்பர் இல்ல. கான்ட்ராக்ட் ஆளுங்கள உள்ள இஸ்துக்கினா, மறுநாளே கான்ட்ராக்டர மாத்திட்டு அத்தினி பேரையும் வெளிய தள்ளுவான். அப்ப அவங்களுக்கு சோறு போட சங்கத்தால முடியாது. கீற பர்மனென்டையும் காப்பாத்த முடியாது."

அவர் சொன்னது பொய் இல்லை. பக்கத்துக் கம்பெனி ஒன்றில் அப்படி நடந்திருந்தது. தனபால் தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாள் பர்சனல் ஆபீசில் ஒரு கடிதம் கொடுத்தான். இனி என் சம்பளத்தில் சங்கச் சந்தா பிடிக்க வேண்டாம் என்று ஒரே வரி.

கமிட்டி கூடியது. ஒருத்தனை விட்டால் நாளைக்கு எல்லோரும் எழுதிக் கொடுப்பார்கள் என்று பயம். தனபாலோடு யாரும் பேசக் கூடாது, கேன்டீனில் உடன் உட்காரக் கூடாது, டீ வாங்கித் தரக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். "அவன் எனக்குப் பின்னால நிக்கிறவன்" என்று நான் எழுந்தேன். அண்ணன் இடது கையைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

அடுத்த நாள் காலையில் தகட்டை உள்ளே தள்ளினேன். தனபால் பின்னால் வழித்துவிட்டு "ஆச்சு" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. பதில் சொன்னால் தீர்மானத்தை மீறினவன். பதில் சொல்லாமல் மிதித்தால் நான் மனுஷனே இல்லை. காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன். அவன் மறுபடியும் "ஆச்சு" என்றான். குரலில் கோபம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். பக்கத்து பிரஸ்காரர்களும் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

போர்மன் ஓடிவந்தார். "இன்னாபா, கரன்டு பூட்ச்சா, மிஷின் பூட்ச்சா?"

"ரெண்டும் இல்ல சார். அண்ணன கூப்டுங்க."

அண்ணன் ஸ்டோர்ஸில் இருந்து வந்தார். வழக்கம்போல மெதுவாக நடந்துதான் வந்தார்.

"இன்னா சேகரு?"

"அண்ணே, இவனாண்ட பேசக்கூடாதுன்னு தீர்மானம். பேசாத மிதிக்கக்கூடாதுன்னு நீ கத்துக் குத்தது. ரெண்டுல எத்த வெச்சிக்கட்டும்?"

தோள்துண்டுக்குள் அவர் கை அசைந்தது தெரிந்தது. டையை ஒரு முறை பார்த்தார். "மிஷின்ல பேசலாம். அது பேச்சு இல்ல, வேல" என்றார்.

அவர் திரும்புவதற்குள் தனபால் பிரஸ்ஸைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அண்ணே, நேத்து பர்சனல் மேனேஜர் என்ன கூப்ட்டு, சேர் போட்டு ஒக்கார வெச்சாரு. சங்கம் எல்லாரையும் கட்டாயப்படுத்தி சந்தா புடிக்குதுன்னு எய்திக் குடு, உன் தம்பிய புச்சா வரப்போற புரொடக்சன் லைன்ல பர்மனென்ட் பண்றேன்னாரு. நான் எய்தல."

"ஏன் எய்தல?"

"என்ன பத்தி எய்த எனக்கு உரிம கீது. அட்த்தவனுக்கு நான் எப்டி எய்துவேன்?" அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "அண்ணே, நான் துட்டுக்கோசரம் நிறுத்தல. இந்த சங்கம் எனக்கு இன்னா குத்துதுன்னு யோசிச்சேன். போனஸு, லீவு, அத்தெல்லாம் வரும் போவும். தோ, பத்து வெரலும் கீது பாரு. இத்த குத்தது சங்கம். ரெண்டே சொல்லு. அத்த என் தம்பிக்கு சொல்லிக் குடுக்க இன்னா செலவாவும்? அதுக்குக் கூடவா மெம்பரா இருக்கணும்?"

அண்ணன் திரும்பி வெளியே நடந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிரஸ் ஷாப்பில் கண்ணைத் துடைத்தால் கிரீஸ் எரியும், அதனால் துடைக்கவில்லை. தனபால் தன் இடத்துக்குப் போய் "ஆச்சு" என்றான். "வுட்டேன்" என்றேன். வேலை ஓடியது.

ஆனால் நிர்வாகத்துக்கு அந்த ஒரு வரிக் கடிதமே போதுமாக இருந்தது. தொழிலாளி ஒருவர் ஆட்சேபித்திருப்பதால் இந்த மாதம் முதல் யார் சம்பளத்திலும் சந்தா பிடிக்கப்படாது, வேண்டியவர்கள் சங்கத்தில் நேரில் கட்டிக்கொள்ளலாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சம்பள நாளில் பழையபடி கேட்டில் துண்டு பிடிப்பது என்று கமிட்டி முடிவெடுத்தது. பர்சனல் மேனேஜர் கேன்டீனுக்கே வந்து பேசினார். மரியாதை தெரிந்த மனிதர். எங்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து அதே டீயைத்தான் குடித்தார்.

"நான் யாரையும் கட்டாயப்படுத்தலை. பின்னாடி காலி இடம் இருக்கு. புது லைன் இங்கேயும் வரலாம், பக்கத்து மாநிலத்துக்கும் போகலாம். அங்க நிலம் தர்றாங்க, கரன்ட்ல சலுகை தர்றாங்க. சம்பளத்துல சங்கத்துக்குப் பிடிக்கிற பேச்சே அங்க இல்லை. தலைமை ஆபீஸ் என்கிட்ட கேட்கிறது ஒண்ணுதான். உங்க ஆளுங்க கம்பெனி பக்கமா, சங்கம் பக்கமா? சம்பள நாள்ல மாடி ஜன்னல்ல நின்னு பார்ப்பேன். பார்த்ததை அப்படியே எழுதுவேன். லைன் வந்தா உங்க பிள்ளைங்களுக்குத்தான் முதல் இடம்."

அவர் மறைக்காமல் சொன்னார் என்பதற்காக எனக்கு இன்றைக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. என் பையன் அப்போது ஐ.டி.ஐ. கடைசி வருஷம். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஒரு மாசம் அந்தத் துண்டுல கைய வுடாத இருந்தா கொறஞ்சா பூடுவ? பையனுக்கு வேல கெடைக்கும் இல்ல?"

சம்பள நாளில் அலமாரியிலிருந்து துண்டுகளை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றோம். ஒரு முனையைக் கமிட்டிக்காரர் ஒருவர் பிடித்தார். மறுமுனை அண்ணனுடையது. மேல்துண்டு அவர் வலது கையை மூடியிருந்தது. நான் ரசீதுப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றேன். சங்கு ஊதியது. ஆட்கள் வெளியே வந்தார்கள். ஒருவரும் எங்களிடம் வரவில்லை. சாலையைக் கடந்து எதிர்ப்புற டீக்கடை நிழலில் போய் நின்றுகொண்டார்கள். மாடி ஜன்னலில் மேனேஜர் நின்றார். கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் புழுதி மட்டும் இருந்தது.

அப்போது தனபால் வெளியே வந்தான். டீக்கடையை நோக்கிக் கை காட்டினான். அங்கே காத்திருந்த மோகன் சாலையைக் கடந்து வந்தான். வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். இருவரும் துண்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"மொதல்ல இவன்" என்றான் தனபால். "அப்பால நான்."

மோகன் சட்டைக் கையை மேலே தள்ளிவிட்டு, இடது கையைத் துண்டுக்குள் விட்டான். அண்ணனின் கையும் அங்கேதான் இருந்தது. உள்ளே இரண்டு கைகளும் பட்டிருக்க வேண்டும். நான் அண்ணனின் முகத்தைத்தான் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பேர் சொல்லு" என்றார்.

"மோகன்."

"எந்த ஷாப்பு?"

"கான்ட்ராக்டு அண்ணே. இப்ப அதுவும் இல்ல."

அண்ணனுக்கு எதிரே துண்டைப் பிடித்திருந்த கமிட்டிக்காரர் மெதுவாக, "அண்ணே, விதில..." என்று ஆரம்பித்தார்.

"கை உள்ள வந்துட்ச்சு" என்றார் அண்ணன். "அதுவும் விதிதான். சேகரு, ரசீது எய்து."

எழுதினேன். அடுத்து தனபால் கையை விட்டுப் பேர் சொன்னான். மூன்றாவதாக நானே விட்டேன். என் பையன் முகம் கண்முன் வந்தது, ஆனாலும் விட்டேன். அதன்பிறகு எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒருவர், பின்னால் இருவர், பிறகு கும்பலாகச் சாலையைக் கடந்தார்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் வரிசையின் கடைசியில் தயங்கித் தயங்கி வந்து நின்றார்கள். எல்லோரும் வரவில்லை. சிலர் மாடியைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, இன்றைக்கும் வராது.

திங்கட்கிழமையில் இருந்து கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த இரண்டு சொல்லையும் பழக்கினோம். அண்ணனே ஷிப்ட் தொடங்கும்போது வந்து நின்று, சொல்ல வைத்துக் கேட்பார். நான் ஓய்வு பெறும்வரை அந்த ஷாப்பில் அதன்பிறகு ஒரு விரலும் போகவில்லை. தொழிலாளர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து மோகனுக்கு இழப்பீடு வாங்கினோம். வேலை வாங்க முடியவில்லை.

மேனேஜர் பார்த்ததை அப்படியே எழுதியிருப்பார். புது லைன் எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலத்துக்குப் போயிற்று. நாங்கள் துண்டில் கை விடாமல் இருந்திருந்தால் இங்கே வந்திருக்குமா, இல்லை நிலமும் கரன்ட் சலுகையும்தான் இழுத்துக்கொண்டு போனதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை, மாப்பிள்ளை, உங்களையும் சேர்த்துத்தான். என் பையன் துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டு வேலைக்குப் போனான். ஒரு வருஷம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்து வந்த சங்கத் தேர்தலில் அண்ணன் தோற்றார். கான்ட்ராக்ட்காரனை உள்ளே விட்டு லைனை விரட்டினவர் என்று அவரைப் பற்றிப் பேச்சு கிளம்பியிருந்தது. அவர் எதிர்த்துப் பேசவில்லை. என்னைப் பொருளாளராகப் போட்டார்கள். என் இடத்துக்கு பிரஸ் ஷாப் பிரதிநிதியாகத் தனபால் வந்தான். துண்டு பிடிக்கிற வேலை அவனுக்கு.

அந்த மாசச் சம்பள நாளில் அண்ணன் வரமாட்டார் என்றுதான் நினைத்தோம். இப்போது கட்டாயம் எதுவும் கிடையாது. அவர் ஒதுங்கிப் போயிருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கடைசி ஆட்களுக்கு நடுவே வரிசையில் நின்றார். முன்னால் போகச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்று தலையசைத்தார். தன் முறை வந்ததும் வலது கையைத் தோள்துண்டிலிருந்து எடுத்தார். அத்தனை வருஷத்தில் அந்தக் கையை நான் வெளிச்சத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். எல்லோரும் பார்க்க அதைத் துண்டுக்குள் விட்டார்.

தனபால் துண்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தான். பிறகு சொன்னான்: "அண்ணே, உன் பேரு எங்களுக்குத் தெரியாதா? நீ போண்ணே."

"எல்லாரும் சொல்றாங்க இல்ல. நானும் சொல்றேன்" என்றார். "ஏகாம்பரம். ஸ்டோர்ஸு."

ரசீது எழுதிக் கொடுத்தேன். விரலை வைத்து ஒரு முறை வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.